பத்தாவது ஆள்

ஊ எலியாஸ் போய்விட்டார். தாகேதா பேட்டையிலிருந்து அவர் மகள் போன் பண்ணும்போதே அடக்கம் முடிந்திருந்தது.

"அப்பாவுக்குச் சத்தமா ஓதினாங்களாம்மா?" என்று கேட்டேன். "மூணு ஆம்பளைங்கதான் அங்கிள் வந்தாங்க..." என்றது பிள்ளை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'ஊ' என்றால் பர்மிய மொழியில் 'ஐயா' மாதிரி. ரங்கூனில் எங்கள் பெயிண்ட் கடைக்கு எதிரே யூதர்களின் தொழுகைப் பள்ளி. அவர்களில் பெரும்பாலானோர் எப்போதோ நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த சிலரில் ஊ எலியாஸ் ஒருவர். எங்கள் தெருவிலேயே வளர்ந்ததால் தமிழ் சரளம்.

ஒருநாள் டீக்கடையில் லபெயே என்கிற பால் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டேன், ஏன் தொழுகையை முதலில் வாய்க்குள்ளேயே ஓதுகிறீர்கள் என்று.

"தப்பு செஞ்சவன் அதை ஆண்டவன்கிட்ட சொல்லுவான் பாய். பக்கத்துல நிக்கிறவன் காதுல விழுந்தா அவனுக்கு வெக்கமா இருக்காதா?"

பிறகு ஒருவர் அதையே சத்தமாக ஓதுவது, படிக்கத் தெரியாதவனும் ஆமீன் சொல்லிச் சேர்ந்துகொள்ளத்தானாம். ஆனால் சத்தமாக ஓதப் பத்து ஆண்கள் வேண்டும். இறந்தவர்களுக்காக ஓதும் துதிக்கும் அதே சட்டம்.

பத்து பேர்... ரங்கூனில்... அதுவும் எண்பத்தெட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு!

"கவர்மென்ட்டு அஞ்சு பேருக்கு மேல கூடாதேங்குது, ஆண்டவன் பத்துப் பேரைக் கொண்டாங்குறான். நான் யார் பேச்சைக் கேக்குறது?" என்று சிரிப்பார். அவர் அம்மாவின் நினைவு நாளில் மட்டும் அந்தச் சிரிப்பு இருக்காது.

"நான் வந்து நிக்கட்டுமா?" என்றேன் ஒரு தடவை.

"நீங்க நின்னா ஒன்பதும் ஒண்ணும்தான் பாய். பத்தாகாது. யூதன் மட்டும்தான் கணக்கு."

சில வருஷம் கழித்து, சரியாக அவர் அம்மாவின் நினைவு நாளில் ஏழு யூத ஆண்கள் டூரிஸ்ட்டாக வந்தார்கள். இவரும், என்னை அறியாத இன்னொரு உள்ளூர் யூதரும் சேர்ந்து ஒன்பது.

நான் மதிய லுஹர் தொழுதுவிட்டு அதே தொப்பியோடு எட்டிப் பார்க்கப் போனேன். அவர்களும் தொப்பி போட்டே ஓதுவார்கள். அவர்கள் வழக்கப்படி ஆட்களை எண்ணக்கூடாதாம். வந்தவர்களில் ஒருவர் பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பத்தாவது சொல்லுக்கு அவர் பார்வை என் தொப்பியில் வந்து நின்றது.

ஊ எலியாஸுக்கு அப்போதே கண்ணில் புரை. முன்னால் நின்றபடி காதால்தான் கேட்டார்... பத்து.

நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மாவுக்காகச் சத்தமாக ஓதினார். குரல் உடைந்து உடைந்து வந்தது. எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமீன் சொன்னேன். முடிந்ததும் நழுவிக் கடைக்கு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என்னைத் தேடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்து பேர் வந்துட்டாங்க பாய்... அம்மாவுக்கு ஓதிட்டேன் பாய்..." என்று அழுதார்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. அப்புறம் எத்தனை வருஷம், எத்தனை லபெயே... சொல்லவே இல்லை.

நல்லது செய்தேனா, அவர் அம்மாவுக்குச் சேர வேண்டியதைக் கெடுத்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை. நெஞ்சை அறுக்கிறது.

ஊ எலியாஸ், அந்தப் பத்தாவது ஆள் நான்தான். இத்தனை நாள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று எல்லோர் காதிலும் விழட்டும், வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

மன்னித்துவிடுங்கள். போய் வாருங்கள்.

ஆமீன்.