அவர் போட்டுவிட்ட அலை முடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, உத்தமபாளையத்தில் என் தங்கையின் கல்யாண வரவேற்பு. கம்பம் ஊரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

காரணம் என் வலது கை. தோளுக்கு மேல் தூக்க முடியாது, விரல்கள் எதையும் பிடிக்காது. கை இப்படி ஆவதற்கு முன்பெல்லாம் எங்கள் தெருவில் விசேஷம் என்றால் பெண்கள் என்னிடம்தான் வருவார்கள். முடியை நேராக்குகிற ஸ்ட்ரைட்னரை வைத்தே அலை அலையாகச் சுருட்டிவிடுவேன். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

என் கணவர் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மலையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முடி போட என்னை ஒருநாள் அதிகாலையில் கூட்டிப் போனார். கம்பம் மெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஒரே பனிமூட்டம். "கொஞ்சம் நிப்பாட்டுங்க, பனி விலகட்டும்" என்றேன். "எனக்குத் தெரியாத ரோடா" என்று சொல்லி ஓட்டினார். ஜீப் கவிழ்ந்தது. அவருக்குச் சிராய்ப்பு. என் கை அடியில் மாட்டிக்கொண்டது. நரம்பு போய்விட்டது, இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு அவர் ஜீப்பைத் தொடவில்லை. வாழைக்காய் மண்டிக்கு வேலைக்குப் போனார். எனக்குத் தலை பின்னிவிடுவது மாமியார். நானும் கணவரும் ஒரே வீட்டில் இருந்தோம், அவ்வளவுதான். அவர் எதைக் கேட்டாலும் தலையசைப்பேன். பேச மாட்டேன்.

வரவேற்பு அன்று சாயங்காலம் மாமியார் என் தலையை அலசிவிட்டு, முன்னதாகவே மண்டபத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் பீரோ மேலிருந்த ஸ்ட்ரைட்னரை எடுத்து, தூசி தட்டி, பிளக்கில் சொருகினார். என் பின்னால் வந்து நின்றார். போனில் ஏதோ வீடியோ ஓடுகிற சத்தம் கேட்டது. முடியை ஒரு கொத்தாக அள்ளி ஸ்ட்ரைட்னரில் வைத்ததும் உஸ்ஸென்று ஆவி வந்தது.

"ஈரமா இருக்கு, இப்ப வைக்காதீக" என்றேன்.

பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் துண்டை எடுத்துத் துவட்டினார். ஃபேனைப் போட்டுக் காய வைத்தார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெல்லிசாகப் பிரிக்கணும், பாதி முடியில் வைத்து ஒரு சுற்றுத் திருப்பணும், இழுக்காமல் மெதுவாக இறக்கணும், ஆறும்வரை சுருளைத் தொடக் கூடாது. அவர் விரலில் சுட்டுக்கொண்டதைக்கூடச் சொல்லவில்லை. எதிரே கண்ணாடியில்தான் பார்த்தேன், விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

பாதித் தலை முடிந்தபோது, ஸ்ட்ரைட்னரைப் பிடித்தபடியே சொன்னார். "அன்னைக்கு நீ சொன்னப்பவே நிப்பாட்டிருக்கணும்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். அது வந்தால் அழுவேன், சண்டை போடுவேன் என்றெல்லாம் நினைத்திருந்தேன். வந்தபோது எதுவுமே வரவில்லை. மனசு காலியாக இருந்தது.

"பின்னாடி இன்னும் கொஞ்சம் முடி பாக்கி இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் அதையும் எடுத்துச் சுருட்டினார். முடித்துவிட்டுப் பைக்கை எடுத்தார், வரவில்லை என்றிருந்த நானும் ஏறி உட்கார்ந்தேன்.

மண்டபத்துக்குப் போவதற்குள் காற்றில் ஒரு பக்கம் கலைந்துவிட்டது. "கையே வெளங்கல, இதுல அலங்காரம் வேற" என்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அவருக்கும் அது கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். மேடையில் தங்கை என் முடியைத் தொட்டுப் பார்த்து, "யாருக்கா போட்டுவிட்டாக?" என்று கேட்டாள். "உங்க மாமாதான்" என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

இன்றைக்கும் என் கை அப்படியேதான் இருக்கிறது. மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆனால் விசேஷ நாட்களில் அவர் என் பின்னால் நின்று முடியைப் பிரிக்கும்போது, இழந்ததை நினைத்து நான் ஒருத்தி மட்டும் வருந்தவில்லை என்பது புரிகிறது. அந்தத் துணை இல்லாவிட்டால் என்னால் இத்தனை தூரம் வந்திருக்க முடியாது.