மீனாம்பிகை ஏறிய இராட்டினம்

மண்கும்பான் கடற்கரையில் வாசிகசாலைக்காரர் கார்னிவல் நடத்திய காலம் எப்போதோ மலையேறிவிட்டது. 1972இல் பார்த்தால் இராட்டினம் நின்ற இடத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். ஆனால் எந்த வருஷத்துக் கார்னிவல் திறம் என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் மீனாம்பிகையைப் போல இடிபட்டவர் எவருமில்லை. ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் கூடப்பிறந்த தம்பி.

புருஷன் ஆழ்வாப்பிள்ளைக்கு ஐம்பத்தேழுதான் கார்னிவல். தெற்கே மாத்தறையில் சுருட்டுக்கடை வைத்துக் கொழித்திருந்த மனிதர் அந்த வருஷம் தலைவராக நின்று, கொழும்பிலிருந்து இராட்டினத்தைத் தன் செலவில் இறக்கினார். வேட்டி மடிப்புக் குலையாமல் கடற்கரையில் நடந்தார். கண்டவர்களெல்லாம் மரியாதைக்குத் தோளிலிருந்த சால்வையை எடுத்தார்கள். அடுத்த வருஷ இனக்கலவரத்தில் கடை சாம்பலானது. உடுத்த உடுப்போடு ஊர் வந்து சேர்ந்து, சந்தியில் ஒரு சின்னக் கடை போட்டார். ஐம்பத்தேழை விட்டால் அவருக்குப் பெருமையாகச் சொல்ல வேறொன்றும் இல்லை. அது மீனாம்பிகைக்குத் தெரியும். தெரிந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான்.

ஏனென்றால் ஐம்பத்தேழில் அவள் கண்டது குசினி அடுப்பை மட்டுந்தான். இராட்டினக்காரர், லைற் எஞ்சின்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரிய மனிதர் எல்லாருக்கும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. "நாளைக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போறன்" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கூட்டிக்கொண்டு போன அன்று இராட்டினத்தைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்திரண்டில் வாசிகசாலைக்காரர் ஆழ்வாப்பிள்ளையை எட்டியும் பார்க்காமல், மீனாம்பிகையின் தம்பி தில்லைநாதனைத் தலைவராக்கினார்கள். அவன் இன்னும் பெரிய இராட்டினம் கொண்டுவந்தான். மரணக்கிணற்றில் ஒருவன் மோட்டார்சைக்கிள் ஓடினான். "இந்த வீட்டாக்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கப்படாது" என்று ஆழ்வாப்பிள்ளை உத்தரவு போட்டார்.

மீனாம்பிகை போனாள். கோயிலுக்கென்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு ஞானசவுந்தரியோடு ஒரு பின்னேரம் போனாள். வரிசையில் நின்றவளைத் தில்லைநாதன் கண்டான். அத்தானோடு உள்ள கறுவத்தில், கண்டும் காணாதவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அந்தச் சூட்டோடுதான் அவள் ஏறினாள். பெட்டி உச்சியில் நின்று ஆடியபோது பனைகளுக்கு இடையில் தன் வீட்டுக் குசினிக் கூரை தெரிந்தது. தீப்பெட்டி அளவுதான் இருந்தது. இதற்குள்ளேயா இவ்வளவு காலம் வெந்தேன் என்று நினைத்தாள். ஞானசவுந்தரி பயத்தில் முருகனைக் கூப்பிட, மீனாம்பிகை வாய்விட்டுச் சிரித்தாள். அதைப் பற்றி வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை.

கடைசி நாளன்று தில்லைநாதன், "முந்தி நடந்ததெல்லாம் கார்னிவலே இல்லை, இதுதான் கார்னிவல்" என்று லவுட்ஸ்பீக்கரில் முழங்கினான். அது ஆழ்வாப்பிள்ளையின் முற்றம்வரை கேட்டது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நன்மை தின்மைக்குக்கூடப் போக்குவரவு இல்லை. பிறகு கார்னிவலும் நடக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளையின் கடையில் அறுபத்திரண்டு என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் அவனுக்கு மண்ணெண்ணெய் முடிந்துவிடும். பீப்பாய் நிரம்பியிருந்தாலும் முடிந்துவிடும்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான், எழுபத்திரண்டில், மகள் மீனலோசனிக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஊர்காவற்றுறைக்காரர். "தாய்மாமன் ஏன் வரேல்லை எண்டு எங்கடை சனம் கேட்டால் என்ன சொல்லுறது? முதல் அதைத் தீருங்கோ. பிறகு நாள் வைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மீனலோசனி சாப்பிடாமல் அறைக்குள் கிடந்தாள். மீனாம்பிகை ஞானசவுந்தரியை அனுப்பித் தம்பியை வரவழைத்தாள்.

தில்லைநாதன் கதிரை நுனியில் இருந்தான். இரண்டு ஆண்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள்.

"மருமகளுக்காக வந்தனான். வேறை ஒருத்தருக்காகவும் இல்லை" என்றான் தில்லைநாதன்.

"வந்தது சரி. ஐம்பத்தேழுதான் திறமெண்டு ஒரு சொல்லுச் சொல்லும். பிறகு கலியாணத்துக்கு முன்னுக்கு நில்லும்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"அந்தக் கறள் பிடிச்ச சாமானையோ, அத்தான்? பாதிநேரம் சுத்தாமல் நிண்ட இராட்டினம்!"

"கறளோ? உம்மடை மரணக்கிணத்தான் குடிவெறியிலை விழுந்து கிடந்தவன்! இறங்கும் என்ரை வீட்டாலை!"

தில்லைநாதன் எழுந்துவிட்டான். "அக்காவைக் கேளுங்கோ. அவ சொல்லட்டும், நான் கேக்கிறன்."

"கேளும். அவள் என்ரை பெஞ்சாதி. பொய் சொல்லமாட்டாள்."

இவ்வளவு வருஷத்தில் அவளை யாரும் கேட்டது அதுதான் முதல்தடவை. மீனாம்பிகை கதவுநிலையில் நின்றாள். அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

"அறுபத்திரண்டுதான் திறம்."

"உனக்கு என்னெண்டு தெரியும்?" என்று ஆழ்வாப்பிள்ளை பாய்ந்தார்.

"போனனான். ஏறினனான். உங்கடை ஐம்பத்தேழிலை நான் உலைக்கு முன்னாலை நிண்டனான். ஏறாத இராட்டினத்தை எப்பிடித் திறமெண்டு சொல்லுறது?"

தில்லைநாதன் தொடையில் தட்டினான். "பாத்தியளோ, அத்தான்!"

"நீ வாயை மூடு. கூடப்பிறந்தவளை வரிசையிலை கண்டிட்டு முகத்தைத் திருப்பினனீ. திறம் எண்டு சொன்னது இராட்டினத்தை. உன்னை இல்லை."

அவள் விடவில்லை.

"என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை உங்கடை வீறாப்புக்குக் குடுக்க ஏலாது. தாலி கட்டி முடிஞ்ச கையோடை இரண்டு பேரும் குசினிக்குப் போங்கோ. சமையல்காரரோடை நிண்டு பந்திக்குச் சாப்பாடு அனுப்புறது உங்கடை வேலை. ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. தேப்பனும் மாமனும் இராட்டினத்துக்காகக் கலியாணத்தைக் குழப்பினவை எண்டு நானே ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சொல்லுறன்."

ஏலாது என்று இருவரும் சொல்லவில்லை.

ஆவணியில் கலியாணம் நடந்தது. தாய்மாமன் வந்ததைக் கண்டு மாப்பிள்ளை வீட்டார் திருப்திப்பட்டார்கள். தாலி ஏறியதும் ஆழ்வாப்பிள்ளை ஒரு வழியாகவும் தில்லைநாதன் மறு வழியாகவும் குசினிக்குள் போனார்கள். புகையில் கண் சிவந்து, ஆளுக்கொரு சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். மீனாம்பிகை பந்தலில் முன்வரிசைக் கதிரையில் இருந்தாள். கலியாணத்துக்குப் பிடித்திருந்த இரண்டு மேளக்காரரும் போட்டிக்கு வாசித்துச் சமா வைக்க, சனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

சமா முடிந்ததும் கடைக்கு வழக்கமாக வரும் மார்க்கண்டு குசினி வாசலுக்குப் போய், "ஆழ்வாப்பிள்ளையண்ணை, இப்பிடியொரு மேளச்சமா இந்தத் தீவிலை நடந்ததில்லை. என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்.

"நான் எங்கை பாத்தனான்?" என்று சீறினார் ஆழ்வாப்பிள்ளை. "குசினிக்கை எல்லோ நிண்டனான்!"

மீனாம்பிகைக்கு அது நன்றாகக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.