மூக்குச் சக்கரத்து எலுமிச்சம்பழம்

என் தங்கை ஷாமளாவின் கணவன் யோகேந்திரன் முழுசாகப் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில், சிடாம் கிரியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் போதும், சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடுவான். எஞ்சின் சத்தம் சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து ஆறிப்போன சோற்றைப் பிசைவான்.

அவன் விமான மெக்கானிக். சோவியத் யூனியன் உடைந்தபோது பிறந்த ஒரு குட்டி நாடு, தனக்கென்று தேசிய விமான நிறுவனம் ஒன்றைத் தொடங்கி ஆள் தேடியது. இவன் கிளம்பிவிட்டான். ஷாமளாவுக்கு விருப்பமில்லை. ஆனால் எங்கள் குடும்பம் முழுக்க ஒரே பேச்சு: கவர்மெண்ட் கம்பெனி, அசையாது. ஒரு நாடே உடைந்துபோன இடம் அது என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

முதல் விமானம் வந்தபோது மந்திரியும் பேண்டு வாத்தியமும் காத்திருக்க, இவன் பெட்டியிலிருந்து நம் ஊர் எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து அதன் முன்னால் இருக்கும் மூக்குச் சக்கரத்தின் அடியில் வைத்தானாம். புதுக் கார் எடுத்தால் நாம் நான்கு டயருக்கும் வைப்போமே, அதுதான். விமானத்துக்கு ஒன்று போதும் என்று அவனே சட்டம் போட்டுக்கொண்டான். பைலட்டுகள் சிரித்தார்கள். அந்த விமானம் ஒரு கோளாறும் இல்லாமல் பறக்கவும், அடுத்தது வந்தபோது அவர்களே பழம் எங்கே என்று கேட்டார்கள். அங்கே கிடைக்கும் தடித்த தோல் பழம் இவனுக்கு ஆகாது. புது விமானம் வருகிறது என்றால் லீவில் வந்து, சுங்கைப்பட்டாணி பாசாரில் ஒரு பழம் பொறுக்கிக்கொண்டு போவான். அப்படி ஏழு விமானம் சேர்ந்தது. லண்டனுக்கே விடுகிறோம் என்று எனக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டான்.

பிறகு ஆட்சி மாறியது. மந்திரி மாறும்போதெல்லாம் கம்பெனிக்குப் புதுத் தலைவர் வந்தார். ஆளே ஏறாத ஊருக்கெல்லாம் விமானம் விட்டார்கள். உதிரிப் பாகம் வாங்க வழியில்லாமல் போனதும், நிற்கிற விமானத்தில் கழற்றிப் பறக்கிற விமானத்தில் மாட்டச் சொன்னார்கள். கழற்ற ஒதுக்கியது, இவன் முதன்முதலில் பழம் வைத்த அதே விமானத்தை. ஸ்பேனர் பிடித்ததும் இவன்தான். கடைசியில் அந்த மூக்குச் சக்கரத்தையும் கழற்றி, விமானத்தைக் கட்டைமேல் நிறுத்தினான். அடுத்த பனிக்காலத்தில் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷமாக லோரிப் பட்டறையில் வேலை பார்க்கிறான். மகள் நளினி இப்போதுதான் அவனோடு ஒட்ட ஆரம்பித்திருக்கிறாள். அவன் மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. சும்மா இருக்கிற மின்விசிறியைக் கழற்றி மாட்டுவான். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

போன மாதம் அங்கிருந்து போன் வந்தது. அரசாங்கம் மறுபடியும் தொடங்குகிறதாம். கட்டைமேல் நிற்கும் முதல் விமானத்தைத்தான் திரும்பப் பூட்டிப் பறக்கவிடப் போகிறார்களாம், கழற்றியவனே வந்தால் நல்லதாம். ஷாமளா கேட்பதற்கு முன்பே இவனாகவே சொன்னான்.

"போவல லா, ஷாமளா. ஓடுனது போதும்."

அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஷாமளா தன் சம்பாத்தியத்தில் ஒரு பழைய மைவி கார் எடுத்தாள். யோகேந்திரன் பாசாருக்குப் போய்ப் பழம் வாங்கி வந்து, நான்கு டயருக்கும் தானே வைத்தான். நளினி பக்கத்தில் நின்று சூடம் கொளுத்தினாள். நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பழங்களை நசுக்கிவிட்டு நிற்காமல் கோயில்வரை போகவேண்டும் என்று அவன் சொல்லி அனுப்பினான்.

மெர்போக் சாலைக்குத் திரும்பியதும் ஷாமளா காரை ஓரம் கட்டினாள். நிற்கக் கூடாதென்றாரே என்றேன். அவள் ஸ்டீயரிங்கை விடாமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அவரு அஞ்சு பழம் வாங்கியிருக்காரு. ஒன்ன சட்டைப் பாக்கெட்டுல வச்சிருக்காரு."