ஏற்றத்தில் நின்ற லாரி

“எஞ்சினப் பத்திப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாகளா, டீச்சரம்மா?” என்று டிரைவர் சிரித்தார். ஏலப்பாறை ஏற்றத்தில் அவருடைய பழைய லாரி நின்றதும், தீட்டு என்று சொல்லி, கைக்குழந்தைக்காரி ஒருத்தியை இறங்கச் சொன்னார். கோளாறு எஞ்சினில்தான் என்று நான் சொன்னதற்குத்தான் அந்தச் சிரிப்பு. சூடேறிய பெட்ரோல் வாடை என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோனது.

அன்றும் இதே ஏற்றம். எஸ்டேட்டின் பழைய லாரியில், காய்ச்சலாயிருந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எஞ்சின் நின்றது. அத்தனை ஆண்களுக்கு நடுவே, “ஏட்டி, தீட்டோடயா ஏறுன?” என்று அம்மாவைக் கேட்டார் கங்காணி.

“இல்லய்யா.”

யாரும் நம்பவில்லை. இறக்கிவிட்டார்கள். அம்மா நடுங்கிக்கொண்டே நடந்தாள். எஞ்சின் ஆறியதும் லாரி தானாகவே கிளம்பியது. “பாத்தீகளா, நான் சொன்னம்லா!” என்று கங்காணி எங்களைக் கடந்துபோனார். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணையும் அதில் ஏற்றவில்லை.

எஞ்சினை ஒட்டிய குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. எஞ்சினுக்குப் போய்ச் சேருவதில்லை; குழாய் ஆறினால் போதும், வண்டி ஓடும். பழி என் அம்மாவுக்கு! ஒருவராவது எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தாரா?

“நீங்க உக்காருங்கக்கா” என்றேன் கைக்குழந்தைக்காரியிடம். டிரைவர் சிரித்து முடிப்பதற்குள், சாலையோர ஓடையில் நனைத்த என் துண்டை அந்தக் குழாயில் சுற்றிவிட்டிருந்தேன்.