படகின் மேடு பள்ளம்

படகைப் பார்க்க மண்டிக்காரர் வந்த அன்று வீட்டில் அப்பா இருந்தார், நான் இருந்தேன். மண்டிக்காரருடன் அவருடைய படகோட்டியும் வந்திருந்தார். அம்மா இல்லை. அவள் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்ததுமே ஏதாவது ஒரு வேலை சொல்லி என்னை உள்ளே விரட்டியிருப்பாள். மாதத்தில் ஒரு நாள் காலையில் பழனி பஸ் ஏறிப் போய், சாயங்காலம் ஆயக்குடிக் கொய்யாவோடு திரும்பி வருவது அவள் வழக்கம். அன்று அந்த நாள்.

கொய்யா வாங்கத்தான் போகிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்பு படித்தேன் அப்போது. உண்மையில் அவள் போனது அப்பாவுக்கு மாத்திரை வாங்க. திண்டுக்கல்லிலேயே அந்த மாத்திரை கிடைக்கும். ஆனால் உள்ளூர் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். அப்பாவின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும், உள்ளங்கையில் பாதியும் மரத்துப் போயிருந்தன. தொழுநோய். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நோய் போய்விடும், யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொல்வது டாக்டருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. கதவும் ஜன்னலும் செய்து பிழைக்கிற ஆசாரிக்கு அந்த வியாதி என்று வெளியே வந்தால், அவர் தொட்ட நிலைக்கதவை யாரும் வீட்டில் நிறுத்த மாட்டார்கள். அதனால் மறைத்தார்கள். என்னிடமும் மறைத்தார்கள். காப்பாற்றுவதற்கு வீட்டில் ஒரு ரகசியம் இருப்பதே எனக்குத் தெரியாமல் போனது அப்படித்தான்.

மண்டிக்காரருக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரம். கேரளா போகிற லாரியில் தக்காளியோடு மீன் பெட்டியையும் ஏற்றினால் என்ன என்று யோசித்து, மலையடிவாரத்து அணை ஒன்றில் மீன் குத்தகை எடுத்திருந்தார். அங்கே எல்லோரும் பரிசலில்தான் வலை போடுவார்கள். காற்றடித்தால் பரிசல் வலையோடு சேர்ந்து சுற்றுகிறது, பலகைப் படகு வேண்டும் என்று அவருடைய படகோட்டி சொல்லிவிட்டார். படகோட்டி ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். கடலோரத்தில் கட்டி லாரியில் ஏற்றிவந்தால் செலவு கூடும் என்பதால், தன் வீட்டுக் கதவுகளைச் செய்த அப்பாவிடமே மண்டிக்காரர் கேட்டார். பேசியது பதினான்காயிரம். முன்பணம் ஆறாயிரம். இது நல்லபடியாக முடிந்தால் இன்னும் இரண்டு படகு என்றும் சொன்னார். கை மரத்ததிலிருந்து அப்பாவால் பூவேலைக் கதவுகள் செய்ய முடியவில்லை. வந்த இரண்டொரு வேலையை ஏதோ சாக்குச் சொல்லி வேறு ஆசாரிகளுக்கு அனுப்பியிருந்தார். வீட்டில் அரிசி எண்ணிப் போடுகிற நிலை. படகை அதுவரை அவர் கிட்டப் போய்த் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் சரி என்றார்.

படகோட்டி ஒரு நாள் வந்து, வீட்டுக்குப் பக்கத்துக் காலியிடத்தில் கரித்துண்டால் படகைத் தரையில் வரைந்து காட்டினார். ஒரு தாளில் அளவுகளை எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு அங்குலக் கணக்குத் தெரியும், எழுத்துத் தெரியாது. எந்த அளவு முன்பக்கத்துக்கு, எது அடிக்கட்டைக்கு என்று நான்தான் படித்துச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் என் படிப்பு காசுக்கு உதவிய முதல் வேலை அது.

குழாயடிக்கு வருகிறவர்களுக்கு எங்கள் படகு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. எதிர்வீட்டு அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார்: "ஏன் ஆசாரி, பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டிதேன் தண்ணி விடுறான். உங்க கப்பல எந்தக் கொடத்துல மெதக்க விடப் போறீக?" அப்பாவும் சிரிப்பார். சிரிக்கும்போது வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வார்.

படகைக் கவிழ்த்த நிலையில்தான் கட்டினார். அடிக்கட்டை மேலே இருக்க, விலா எலும்பு போல இரண்டு பக்கமும் வளைந்த கட்டைகள் இறங்கின. அவற்றின்மேல் ஆயினிப் பலகைகளை வளைத்து அறைந்தார். அதுவரை பெரிய சிரமம் இல்லை. அதன் பிறகுதான் வேலையே. கதவென்றால் மூலைமட்டமும் ரசமட்டமும் போதும். படகில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. முன்னாலிருந்து பின்னால் வரை வளைவு ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். நடுவில் ஓரிடம் தூக்கியிருந்தாலும் தண்ணீர் அங்கே பிடித்து இழுக்கும், துடுப்புப் போடுகிறவன் தோள் கழன்றுவிடும் என்று படகோட்டி எச்சரித்திருந்தார். அப்பா மெல்லிய மூங்கில் பட்டை ஒன்றைப் பலகைமேல் வளைத்து வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் பள்ளம் என்று குறித்து, மற்ற இடத்தை இழைப்புளியால் சீவினார். பட்டைக்குத் தெரிகிற மேடு பள்ளமெல்லாம் ஒரு வாரத்தில் போய்விட்டது. பட்டைக்குத் தெரியாதவை மிச்சமிருந்தன. அவற்றை உள்ளங்கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் அவர் இடது கையால் தடவிப் பார்த்தார். பழகாத கை, அது சொன்னதை அவர் நம்பவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அவர் குனிந்து தன் கன்னத்தைப் பலகைமேல் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போவதைப் பார்த்தேன். மரத்துக்குள் ஏதோ சத்தம் கேட்கிறது போல என்று நினைத்து நானும் காதை வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னையே செத்த நேரம் பார்த்தார்.

"அப்பு, கண்ண மூடிக்கிட்டுத் தடவு. கை எங்க ஏறுது, எங்க எறங்குதுன்னு சொல்லு."

சொன்னேன். சரியாகச் சொன்னேன் போலிருக்கிறது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் என் வேலை. பள்ளியிலிருந்து எடுத்துவந்த சாக்பீஸால் மேட்டுக்கு வட்டம், பள்ளத்துக்குக் கோடு. அப்பா வட்டத்தைச் சீவுவார், மறுபடி தடவச் சொல்வார். சில இடங்களைப் பத்துத் தடவை தடவியிருப்பேன். என் கை இல்லாமல் அப்பாவால் வேலை செய்ய முடியவில்லை என்பதில் எனக்குப் பெரிய கர்வம்.

பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை ஊற்றி அடைக்க வேண்டும். அப்பா கொதிக்கிற குங்கிலியத்தை விரலாலேயே தள்ளித் தள்ளி அடைத்தார். நானும் தொட்டுப் பார்த்து அலறினேன். அவர் என் விரலைப் பார்த்தார், பிறகு தன் விரலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் போய்த் தண்ணீரில் விட்டார். மறுநாள் அம்மா அந்த விரல்களுக்குத் துணி சுற்றிவிட்டாள். கேட்டவர்களிடம் ஆணி குத்திவிட்டது என்றாள். என் அப்பாவுக்குச் சுடவே சுடாது என்று வகுப்பில் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

மண்டிக்காரர் வந்த அன்று நான் கடையிலிருந்து தூக்குவாளியில் டீ வாங்கிவந்து டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தேன். படகோட்டி டம்ளரை வாங்காமல் படகை மூன்று முறை சுற்றினார். பின்னால் போய் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தார். பிறகு மண்டிக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மண்டிக்காரர் ஒரு கையில் டம்ளருடன் மறு கையால் பலகையைத் தடவிக்கொண்டே நடந்தார். "ஏனுங்க ஆசாரி, கண்ணாடியாட்டம் வந்திருக்குதுங்க. கூடமாட யாருங்க?"

"இவன்தேன்" என்றார் அப்பா.

அவர் என்னிடம் திரும்பி, பெரிய மனிதரிடம் கேட்பது போலவே கேட்டார், நீங்க என்னங்க பண்ணுனீங்க என்று. நான் இரண்டு மாதமாகக் காத்திருந்த கேள்வி.

"நாந்தேன் தடவிப் பாத்துச் சொல்லுவேன். எங்கப்பாவுக்குத் தடவுனாத் தெரியாது."

"ஏலே, போயி டம்ளர எடு" என்றார் அப்பா.

நான் எடுக்கப் போகவில்லை. "அவருக்குச் சுடவே சுடாது. கொதிக்கிற குங்கிலியத்த வெரலாலயே அடைப்பாரு. ஒருவாட்டி உளி பட்டு ரத்தம் ஊத்துது, அவருக்குத் தெரியவே இல்ல. நாந்தேன் பாத்துச் சொன்னேன்."

முதலில் அப்பாவின் கையைப் பார்த்தது படகோட்டி. பிறகுதான் மண்டிக்காரர் பார்த்தார். அவர் கை பலகையிலிருந்து எழுந்தது. பாதி டீ இருந்த டம்ளரைப் படகின் அடிக்கட்டைமேல் வைத்துவிட்டு, உதட்டை வேட்டி நுனியால் துடைத்தார். ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

தூக்குவாளியைக் கடையில் கொடுத்துவிட்டு வா என்று அப்பா என்னை அனுப்பினார். தெருமுனையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அவர்கள் வந்த வேனுக்குப் பக்கத்தில், ஆனால் வேனைத் தொடாமல், அப்பா நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது என்ன என்று பல வருஷம் கழித்து அம்மாதான் சொன்னாள். "மொதலாளி, மருந்து சாப்புடுறேன். டாக்டரே என்னத் தொட்டுத்தேன் பாக்குறாரு" என்று சொல்லியிருக்கிறார். மண்டிக்காரர் கடைசிவரை மரியாதையை விடவில்லை. "நான் ஒண்ணும் நெனைக்கலீங்க ஆசாரி. மீன் வாங்கறவன் நெனைப்பானுங்களே" என்றாராம்.

இருட்டுகிற நேரத்தில் அம்மா வந்தாள். ஈ மொய்த்துக்கொண்டிருந்த டம்ளரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். இருவரும் உள்ளே போய்ப் பேசினார்கள். வெளியே வந்து என்னை அடிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை, ஏனென்றால் நான் எதுவும் தப்புச் செய்திருக்கவில்லை. அவளும் அடிக்கவில்லை. படகை ஏன் எடுத்துப் போகவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். பின்பக்கம் எங்கேயோ ஒரு மேடு இருக்கிறதாம், அதனால் வேண்டாம் என்றுவிட்டார்களாம் என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மேட்டைக் கண்டுபிடிப்பது என் வேலை. அடுத்த ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கம் முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தடவினேன். எங்கும் கை ஏறவில்லை. கடைசியில் அப்பா வந்து என் கையைப் பிடித்து ஓரிடத்தில் வைத்து, "இங்கதேன்" என்றார். எனக்கும் அங்கே லேசாக ஏறுவது போலத்தான் இருந்தது. அவர் இழைப்புளியை எடுத்து மூன்று சீவல் சீவினார். இப்போது சரியாகிவிட்டது என்றார். சரியாகிவிட்டதென்றால் ஏன் இன்னும் அவர்கள் வரவில்லை என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. பணம் மரமாகிவிட்டிருந்தது, வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார்கள். செய்தி எப்படியோ தெருவுக்கு வந்து சேர்ந்தது. எதிர்வீட்டு அத்தை கப்பலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு கதவு வேலை பாதியில் திரும்பிப் போனது. படகு இரண்டு மழைக்காலம் அங்கேயே கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் அப்பாவின் மருந்து முடிந்து, நோய் போய்விட்டது என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்; அந்தச் சீட்டையும் நான்தான் படித்துச் சொன்னேன், அதிலிருந்த நோயின் பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால் எனக்கு விளங்கவில்லை. விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. பலகைகளைப் பிரித்து விற்கலாமென்றால் அவர் கைபட்ட மரத்தை வாங்க உள்ளூரில் ஆளில்லை. செங்கல் சூளைக்கு விறகு ஏற்றுகிற லாரி ஒன்று எடுத்துக்கொண்டு போனது.

நான் கல்லூரிக்குப் போகும்வரை அந்தப் படகை என் உள்ளங்கைதான் கெடுத்தது என்று நம்பியிருந்தேன். பேச்சு கெடுத்திருக்கும் என்று தோன்றவே இல்லை. அப்பா அந்த மேட்டை நான் என் பேச்சை நொந்துகொள்ளாமலிருக்க உண்டாக்கினாரா, நோயின் விவரம் தெரிந்து இனி வேறு யாரிடமும் நான் வாய் திறக்காமலிருக்க உண்டாக்கினாரா என்று கேட்க நினைத்தபோது அவர் இல்லை. மாத்திரைக்கு ஒரு பைசா ஆகவில்லை, அதை அரசாங்கம் சும்மாதான் கொடுத்தது. படகுக்குத்தான் ஆனது: மரம், ஆணி, குங்கிலியம் எல்லாம் சேர்த்து, விறகு லாரிக்காரர் கொடுத்தது போக, வட்டி சேர்க்காமல், ஏழாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.