ஷீலாவின் அடுப்படியும் செல்வராணி அக்காவும்

செல்வராணி அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை, அவனியாபுரம் வீட்டில்... மாரடைப்பு. இன்று மதியம் அடக்கம் முடிந்து நானும் மகளும் இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம்.

எங்கள் பள்ளி ஹாஸ்டலில் இருந்து படித்தவர்களுக்கு அக்காவைத் தெரியாமல் இருக்காது. இருபது வருடத்துக்கு மேல் ஹாஸ்டல் ஸ்டோர் ரூம் அவர் பொறுப்பு. நான் அதே பள்ளியில் ஆபீஸ் கிளார்க்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, வந்து இறங்கிய துவரம்பருப்பு மூட்டைகளை முன்வரிசையில் அடுக்கிவிட்டேன். "யாருய்யா புதுசை முன்னாடி வச்சது? பழசு பின்னாடி கெடந்து வண்டு பிடிக்கவா?" என்று அம்புட்டையும் என்னை வைத்தே மாற்றி அடுக்க வைத்தார். இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை.

அந்த ஸ்டோருக்குள் நுழைய கரப்பான்பூச்சிகூட பெர்மிஷன் லெட்டர் எழுத வேண்டும் என்று ஸ்டாஃப் எல்லோரும் கிண்டல் அடிப்போம். அவர் காதுக்கும் போகும். சிரிப்பார்.

ரிட்டயர் ஆனபிறகும் சும்மா இருக்கவில்லை. பொங்கலுக்கு வீடு ஒதுக்கிச் சுத்தம் செய்யும் நாட்களில் பழங்காநத்தம் பக்கம் தெரிந்தவர்கள் எல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பரணில் கிடப்பதை இறக்கி, மளிகை அலமாரியைக் காலி செய்து, துடைத்து, திரும்ப அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படி இல்லை...

என் மனைவி ஷீலா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நானும் மகள் ஜெனியும் ஹோட்டல் பார்சலில் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். ஷீலா வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று அடுப்படியில் நான் எதையும் தொடவில்லை.

அரிசி டப்பாவைச் சுற்றி வண்டு ஊர ஆரம்பித்தது. அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த ஜெனிதான் எனக்குத் தெரியாமல் அக்காவுக்கு போன் போட்டிருக்கிறாள்.

அக்கா வந்து அலமாரியைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, ஷீலாவுக்கு இடது கைப் பழக்கமா?"

தூக்கிவாரிப் போட்டது. சாப்பிடுவதை மட்டும் அவள் வீட்டில் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் வெளியே யாருக்கும் தெரியாது. "ஆமாக்கா... எப்படித் தெரியும்?"

"உப்பு, புளி, மிளகாத்தூள் எல்லாம் அடுப்புக்கு இடப்பக்கம் வச்சிருக்காளே. கரண்டியும் அங்கதான தொங்குது."

பதினாறு வருடம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டவன் நான். ஒரு நாளும் இதைக் கவனித்ததில்லை. கேவலமாக இருந்தது.

"இது அவ கைக்கு வச்சது தம்பி. உங்க ரெண்டு பேருக்கும் தோதுப்படாது. மாத்திருவமா?"

எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "எதையும் தொடாதீங்க. உங்கள யாரு கூப்பிட்டா? மொதல்ல வெளிய போங்க" என்று கத்திவிட்டேன்.

ஜெனி அழுதாள். அக்கா பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். அறுபதைத் தாண்டிய மனுஷி... உச்சி வெயில். ஷேர் ஆட்டோ வரைக்கும் நடந்துதான் போயிருக்க வேண்டும்.

பத்து நாள் இருக்கும். பார்சல் சாப்பாடு அலுத்துப்போய் ஜெனி தானே ரசம் வைக்கப் போனாள். இடது கையில் இடுக்கியால் சட்டியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலாக வலது கையை நீட்டி உப்பு டப்பாவை எடுத்திருக்கிறாள். சட்டி சரிந்து, கொதிக்கிற ரசம் முன்கையில் கொட்டிவிட்டது.

கட்டுப் போட்டுக் கூட்டி வந்தபிறகு அக்காவுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "சரி சரி, பிள்ளையப் பாரு. நான் வாரேன்" என்றார்.

வந்தவர் அலமாரிப் பக்கமே போகவில்லை. "நீ ஒரு ரசம் வைய்யி. ஒன் கை எங்கெங்க போகுதுன்னு நான் பாக்குறேன்" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ரசம் என்ற பெயரில் என்னமோ செய்தேன். ஒவ்வொன்றுக்கும் கை தானாக வலப்பக்கம் போனது... அங்கே ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒவ்வொரு டப்பாவாக என்னையே எடுத்து இடம் மாற்றச் சொன்னார். 'மல்லி' என்று ஷீலா எழுதி ஒட்டிய டப்பா கைக்கு வந்தது. அதற்கு மேல் தாங்க முடியவில்லை, விக்கி விக்கி அழுதேன்.

"அழுதுக்கிட்டே வைய்யிப்பா. மூடிய மட்டும் இறுக்கி மூடு, வண்டு விழுந்துரும்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது ஜெனி நன்றாகவே சமைக்கிறாள். நானும் சுமாராக...

அக்கா அதற்கப்புறம் எத்தனையோ தடவை வந்தார். நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போன மாதம் வண்டியில் கொண்டுபோய் அவர் தெருவில் இறக்கிவிட்டபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தேன். "அக்கா, அன்னைக்கு நான்..."

"பெறகு பேசுவம்ப்பா. பின்னாடி லாரிக்காரன் எம்புட்டு நேரமா ஹாரன் அடிக்கிறான் பாரு, வண்டிய எடு."

எடுத்துவிட்டேன். லாரி போனதும் திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்று ஜெனி ஒரு பிடி மண் போட்டாள். நானும் போட்டேன். வாயைத் திறந்தால் அழுகை மட்டும்தான் வரும் போல இருந்தது.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பார்கள். யாரிடமும் சொல்லாமல்தான் வந்தேன். அதனால் இங்கே...

வெளிய போங்கன்னு சொன்னதுக்கு மன்னிச்சிருங்கக்கா.

வாரேன்.