ஒரே டிஸ்க்கில் ஊர்ப் பாட்டெல்லாம்

மைக் செட் தொழிலில் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனால் பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்டு வாங்கிச் சமாளித்துவிடலாம். பாட்டு தொலைந்தால் யாரிடம் போய் நிற்பது? உத்திரமேரூர் பஜாரில் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கேசட்டிலிருந்து மாற்றியது, சிடியாக வாங்கியது, நெட்டில் காசு கட்டி இறக்கியது, விசேஷங்களில் நானே பதிவு பண்ணியது எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். அதற்கு நகல் கிடையாது. "நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள், பென்டிரைவைச் சட்டையோடு ஊறவைத்தவர்கள் எல்லோரும் என் கட்சிதான். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

மஞ்சள் நூல், கறுப்பு நூல்

என்னிடம் நல்லதுக்கு மஞ்சள் நூல் கட்டிய பென்டிரைவ், கெட்டதுக்குக் கறுப்பு நூல் கட்டியது. இந்தப் பழக்கம் வந்த கதையைச் சொல்கிறேன். அப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் ஒரே பென்டிரைவ். ஒருநாள் காலையில் சாவு வீடு, சாயந்தரம் ராஜகுளத்தில் கல்யாண வரவேற்பு. சாவு வீட்டுப் பாட்டை அழிக்க மறந்து, கல்யாணப் பாட்டையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். கல்யாணப் பாட்டுகளின் பெயரெல்லாம் 'அ'வில் ஆரம்பிக்கும்படி வைத்திருந்தேன், முதலில் பாடும் என்று நம்பி. அந்தப் பிளேயரோ பெயரைப் பார்க்காது, முதலில் ஏற்றியதைத்தான் முதலில் பாடும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும் நேரம் பட்டனை அழுத்தினேன். நாலு பாக்ஸிலும் சங்கு ஊதியது, கூடவே சேகண்டி.

பாய்ந்துபோய் ஒயரைப் பிடுங்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. பெண்ணின் சித்தப்பா நேராக என்னை நோக்கி வந்தார். அடி நிச்சயம் என்று கன்னத்தைத் தயார் பண்ணிக்கொண்டேன். அவர் மேடையைப் பார்த்தபடியே நிதானமாகச் சொன்னார்: "வுடு பாய், மாப்பிள்ளைக்கு இன்னிக்கே வெவரம் தெரியட்டும்."

சிக்னல் இல்லாத ஆடி

டிஸ்க் ஒன்றையே நம்பியிருப்பது நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்ததால், மாதச் சந்தா கட்டும் பாட்டு ஆப் ஒன்றில் சேர்ந்தேன். டிஸ்க் போனாலும் பாட்டு பத்திரமாக இருக்குமே என்ற நினைப்பு. அந்த ஆடியில் தென்னேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் கூழ் ஊற்றும் விழா. அம்மன் பாட்டு முப்பதையும் முந்தினநாளே போனில் இறக்கி வைத்துக்கொண்டேன். கரகம் கிளம்பும்போது எது, கூழ் ஊற்றும்போது எது என்பதில் அங்கே என் பேச்சுதான் எடுபடும். பூசாரியே, "பாயைக் கேளு" என்பார்.

கரகம் கிளம்பியது. போனை அழுத்தினேன். பாட்டுக்குப் பதிலாக, சந்தாவைச் சரிபார்க்க வேண்டும், ஒருமுறை நெட்டில் வரவும் என்று எழுத்து வந்தது. அந்த இடத்தில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஏரிக்கரைமேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். ஊரே வேடிக்கை பார்த்தது. பூசாரி கரகத்தோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா பாய், அம்மனே வந்து நின்னுக்கினு கீது, நீ டவரத் தேடிக்கினு கீறே."

டிக், டிக்

வாங்கியதாக நினைத்தது வாடகை என்று புரிந்த பிறகு, ஃபைலாகவே கைக்கு வந்தால்தான் காசு கட்டுவது என்று முடிவு பண்ணி, மறுபடி டிஸ்க்குக்கே திரும்பினேன். போன மாசியில் ஓரிக்கையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். மூன்று வருஷம் முன்பு அவர் மகள் கல்யாணத்துக்கு என் மைக் செட்தான். அன்றைக்கு அவருடைய கணவர் மைக்கை வாங்கி ஒரு பாட்டுப் பாடினார். இப்போது சார் இல்லை. காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சார் பாடிய நேரம் பார்த்து வீடியோக்காரர் பந்தியில் இருந்தாராம். குரல் என்று வீட்டில் வேறெதுவும் இல்லை, உங்களிடம் இருக்குமா என்று கேட்டார்.

யார் பாடினாலும் பதிவு பண்ணி வைப்பது என் வழக்கம். இருக்கிறது டீச்சர், ஐந்து நிமிஷம் என்று பெருமையாகச் சொல்லி டிஸ்க்கைச் சொருகினேன். அது டிக், டிக் என்றது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. கழற்றி, துடைத்து, மறுபடி சொருகினேன். டிக், டிக். டீச்சர் எதிரே ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒயரில் கோளாறு, சரிபண்ணிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று பொய் சொல்லி அனுப்பினேன். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி நூர்ஜஹான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் ஸ்பேர் மைக்கு எடுத்துக்கினு ஓடறீங்க, இதுக்கு ஒரு ஸ்பேர் வெக்கணும்னு தோணலியா உங்களுக்கு?"

பெயர் இல்லாத ஆறாயிரம்

காஞ்சிபுரத்தில் கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருபவர் ஒருவர் இருக்கிறார். டிஸ்க்கை அவரிடம் கொடுத்துவிட்டுப் பத்து நாள் காத்திருந்தேன். கடைசியில் பாட்டெல்லாம் வந்தது, பெயர்கள் வரவில்லை. ஆறாயிரத்துச் சொச்சம் ஃபைலும் வெறும் நம்பர். ஒன்றைத் திறப்பேன், இரண்டு விநாடி கேட்பேன், அடுத்தது. இடையில் டீச்சர் இரண்டு முறை போன் பண்ணினார். ஒருமுறை பயந்து எடுக்காமலே விட்டேன். நாலாம் நாள் மத்தியானம், நாலாயிரத்தைத் தாண்டி எங்கேயோ, சார் குரல் வந்தது. கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கூப்பிட்டுச் சொன்னேன், டீச்சர் மறுநாளே வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு, இன்னும் கொஞ்சம் முன்னாடி ஓட்டுங்கள் என்றார். பாட்டு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்றேன். அதற்கு முன்னால் ஒன்று இருக்க வேண்டும் என்றார். மைக்கைப் பிடித்ததும் சார், "இது என் சரோஜாவுக்கு" என்று சொன்னாராம். முப்பது வருஷக் குடித்தனத்தில் நாலு பேர் எதிரில் டீச்சர் பெயரைச் சார் சொன்னது அந்த ஒரு தடவைதானாம்.

அந்தப் பேச்சு ஃபைலில் இல்லை. அது டிஸ்க் செய்த வேலை இல்லை. பதிவை டிஸ்க்கில் சேர்க்கும்போது, முன்னால் வரும் அலோ அலோ, தொண்டையைச் செருமுவது, பேச்சு எல்லாவற்றையும் வெட்டி அழித்துவிட்டுப் பாட்டை மட்டும் வைப்பேன். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். அதை டீச்சரிடம் மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஹெட்போனை மெல்லக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க மேல தப்பு சொல்லல பாய். எங்களுக்கு எது வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்."

இன்றைக்கு என்னிடம் ஒன்றுக்கு மூன்றாக நகல் இருக்கிறது, மூன்றிலும் பாட்டு மட்டும்தான் இருக்கிறது.